முன் சீட்டில் ஒரு பை

கண்ணாடிக்குக் கண்ணாடி கிடையாது. ஐம்பதைத் தாண்டியும் பார்வை கெட்டியாகவே இருந்தது. எதிரே வருவது லாரியா பஸ்ஸா என்று மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் அதன் நம்பரை வாசித்துவிடுவார். பிறகு ஏன் அந்தப் பெயர் என்றால், அது மூக்கின் மேல் உட்காருகிற கண்ணாடி இல்லை. காருக்குள் டிரைவர் தலைக்கு மேலே மாட்டியிருக்குமே, அந்தக் கண்ணாடி. எந்த வண்டியில் ஏறினாலும் சாவி போடுவதற்கு முன்பே அதைப் பிடித்து ஒரு திருகு திருகுவார். பின்னால் வரும் சாலை தெரியும். பின்சீட்டில் இருப்பவர் முகம் தெரியாது.

"பின்னாடி இருக்கறவங்க அழுவாங்க, சண்டை போடுவாங்க, வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குவாங்க. நமக்கு எதுக்கு அதெல்லாம்?" என்பார்.

வேலை மாற்றலாகி வேறு மாநிலம் போகிறவர்களின் காரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் தொழில். சாமான்கள் லாரியில் போய்விடும். வீட்டு ஆட்கள் ரயிலில் போய்விடுவார்கள். கார் மட்டும் காலி வீட்டு வாசலில் விழித்துக்கொண்டு நிற்கும். அதை இவர் இரண்டு மூன்று நாள் ஓட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஊர் திரும்புவார். சில சமயம் குடும்பமும் கூட ஏறிக்கொள்வதுண்டு. அடுத்தவர் வண்டி என்பதில் அவர் படு கறார். ரேடியோவில் அவர்கள் வைத்திருந்த ஸ்டேஷனைக்கூட மாற்ற மாட்டார். துண்டும் தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் அடங்கிய அவருடைய பை பக்கத்து சீட்டில் கால் நீட்டாத குறையாக உட்கார்ந்திருக்கும். அவர் உண்டு, சாலை உண்டு. தானாக வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கல்யாணம் ஆனதே பெரிய விஷயம். நாற்பது வயதுக்கு மேல், ஒரு சட்டை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் நடந்தது அது. தையல்காரி அவருடைய மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டுவிட்டு, "மூச்சை விடுங்க, ரொம்ப நேரமா புடிச்சு வெச்சிருக்கீங்க" என்றாள். அவர் விட்டார். அடுத்த மாதம் தேவையே இல்லாமல் இன்னொரு சட்டைத் துணியோடு போய் நின்றார். நாலாவது சட்டைக்குள் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தையல்காரியின் முதல் கணவர் மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தவர். கம்பத்திலிருந்து ஒருநாளும் விழாதவர், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பெண். அம்மாவின் இரண்டாவது கல்யாணத்தின்போது அதற்குப் பதினொரு வயது. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. புது ஆளை என்னவென்று கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல் வந்தது.

"அப்பான்னு கூப்பிடு" என்றாள் பெரியம்மா. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார். செத்துப்போய்விட்டார் என்பதற்காக அவரைக் காலி செய்யச் சொல்ல முடியுமா? பெண் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சித்தப்பாக்கள், இரண்டும் உதவாத உருப்படிகள். அவளாகவே ஒருநாள் மாமா என்று சொல்லிப் பார்த்தாள். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அங்கிள் என்றால் மாடி வீட்டுக்காரர் மாதிரி இருந்தது. கடைசியில் ஒன்றுமே கூப்பிடாமல் காலம் தள்ளப் பழகிவிட்டாள். அவர் கொல்லையில் இருந்தால், தட்டில் கரண்டியைத் தட்டுவாள். சாப்பாடு தயார் என்று அர்த்தம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள்.

கூப்பிடாததைக்கூட கண்ணாடி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் குத்தியது வேறொரு சொல். வாரக்கணக்கில் ரோட்டில் கிடந்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார். பெண் வந்து திறப்பாள். "நாங்க சாப்பிட்டாச்சு" என்பாள். "நாங்க படுக்கப் போறோம்" என்பாள். நாம என்று ஒரு சொல் இருக்கிறது, சொல்கிறவர், கேட்கிறவர் எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும். இந்த நாங்க இருக்கிறதே, அது கேட்கிற ஆளைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடும். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், மனைவி பரிமாறச் சாப்பிட்டபடி, போன ஊர்க்கதையை அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் உண்டு. அதற்குள் பெண் உள்ரூமில் போய்ப் படுத்திருப்பாள்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நர்ஸிங் படிக்க உள்ளூரிலேயே இடம் கிடைத்தது. பெண் அதை விட்டுவிட்டு மூன்று மாநிலம் தள்ளி ஒரு நகரத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடி மட்டும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நாம்தான் காரணம், நம்மோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப் பிடிக்காமல்தான் ஓடுகிறது குழந்தை என்று முடிவு கட்டிவிட்டார். கட்டிய முடிவைப் படிப்பு முடியும்வரை அவிழ்க்கவே இல்லை.

இப்போது படிப்பு முடிந்தது. இரண்டு ஆஸ்பத்திரிகள் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தன. ஒன்று படித்த நகரத்தில், ஒன்று வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். எதில் சேரப்போகிறாய் என்றால் "வந்து சொல்றேன்" என்றாள். தோதாக, அந்த நகரத்திலிருந்த ஒரு பல் டாக்டர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவருடைய கார் அங்கேயே நின்றது. பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வரலாமா என்று கண்ணாடி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "தாராளமா" என்றுவிட்டார் டாக்டர். தையல்காரியும் கூடவே போயிருக்க வேண்டியவள். பரணைச் சுத்தம் செய்யப்போய் ஸ்டூலிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள்.

"வழியில பேச்சுக் கொடுத்துப் பாருங்க. இங்கயே இருக்கப் போறாளா, மறுபடி அங்கயே போறாளான்னு" என்றாள்.

"உங்கிட்டயே சொல்லாதவ எங்கிட்ட சொல்லப் போறாளா?"

"மூணு நாள் ஒரே வண்டியில வர்றீங்க. பேசாமலா வருவீங்க?"

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் கணவனைப் பற்றி அவளுக்கு இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது.

அவளிடம் சொல்லாத ஒன்றும் அவர் மனசுக்குள் இருந்தது. பக்கத்து ஊர் ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், வீட்டோடு தங்கி ஓட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். கார் ஷெட்டுக்கு மேலே ஒரு அறை, வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போய்வரலாம். தான் அங்கே போய்விட்டால் பெண் நிம்மதியாக அம்மாவோடு இருக்கும் என்று கண்ணாடி கணக்குப் போட்டிருந்தார். இந்தத் தியாகத்துக்காகத் தனக்குத்தானே ஒரு மாலையும் போட்டுக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, திரும்பியதும் முதலாளிக்குச் சரி சொல்வதாக ஏற்பாடு.

விடுதி வாசலில் பெண் இரண்டு பெட்டியோடும் ஒரு பூந்தொட்டியோடும் நின்றாள். உயரமாகியிருந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ம்" என்றார். டிக்கியில் பெட்டிகளை அடுக்கி, தொட்டி சாயாமல் பழைய போர்வையைச் சுற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் முன்கதவைத் திறப்பதைப் பார்த்தார். திறந்தாள், உள்ளே பார்த்தாள், மூடினாள். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவர் டிக்கியை மூடினார். பரவாயில்லை, வழக்கமான இடம்தானே, முதலாளிகள் எல்லாரும் அங்கேதானே உட்காருகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏறினார். கண்ணாடியைத் திருகினார்.

முதல் நாள் முழுக்க வண்டிக்குள் பல் டாக்டரின் ரேடியோ மட்டுமே பேசியது. நகரம் முடிந்து கிடங்குகள் வந்தன, கிடங்குகள் முடிந்து வயல்கள் வந்தன. பின்னாலிருந்து ஒருமுறை லேசான செருமல் கேட்டது. தூசி என்று நினைத்து ஜன்னலை ஏற்றிவிட்டார். பெட்ரோல் போட நிறுத்தியபோது அம்மாவின் போன் வந்தது.

"வந்துட்டு இருக்கேம்மா" என்றாள் பெண்.

இருக்கேன். இருக்கோம் இல்லை. வண்டி தானாகவே ஓடி வந்துகொண்டிருந்தது போலும்.

மதியம் நிறுத்திய ஓட்டலில் டிரைவர்கள் உட்காரும் மேஜை, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. கால்கள் தாமாக அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. பெண் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டி யாரையோ தேடினாள். சர்வரைத் தேடுகிறாள் என்று நினைத்து, இவர் சர்வருக்குக் கை காட்டி அவள் பக்கம் அனுப்பிவைத்தார். பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியில் சோற்றைப் பிசைந்தார்.

பொழுது சாயும்போது ஒரு லாட்ஜில் நிறுத்தினார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த ஆள் பெண்ணைப் பார்த்துக் கேட்டான்: "மேடம், ஒரு ரூம் போதும்ல? டிரைவருக்குப் பின்னாடி ஹால் இருக்கு. கட்டில் போட்டிருக்கோம்."

"இல்ல, இவர் வந்து... எங்க..." என்று பெண் ஆரம்பித்தாள். முகம் சிவந்துவிட்டது.

அவள் திணறுவதைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "எனக்கு ஹால் போதும் சார். டிரைவருங்க எல்லாம் அங்கதானே?" என்று சட்டென்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குழந்தையைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியாகிவிட்டது.

ஹாலில் பக்கத்துக் கட்டில்காரர், "யாரு உங்க சவாரி?" என்றார்.

"ஒரு நர்ஸம்மா" என்றார் கண்ணாடி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவர் வண்டியைத் துடைத்து, பையை முன் சீட்டில் வைத்து நிமிர்ந்தால், பெண் எதிரே நிற்கிறாள். ஒன்றும் சொல்லாமல் முன்கதவைத் திறந்தாள். பையை எடுத்தாள். பின்சீட்டில் தொப்பென்று போட்டாள். முன்னால் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். அடுத்தவர் வண்டிக் கதவு இப்படி அறைபடுவதைக் கேட்டு அவர் பல்லைக் கடித்தார்.

வண்டி சாலைக்கு வந்ததும், "நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"எப்படி?"

"டிரைவர்னு."

"டிரைவர்தானே நான்?"

"எனக்கா?"

அவர் கியரை மாற்றினார், மாற்றத் தேவையே இல்லாத இடத்தில்.

"அந்த ஆளு கேட்டது என்னை. நான்தான் சொல்லணும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு அது ஒண்ணும் சுலபமா வர்றதில்ல, உங்களுக்கே தெரியும். நேத்து என்னமோ வந்துச்சு. நீங்க பாதியில பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்க."

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"சங்கடம் எனக்கா, உங்களுக்கா?"

ஒரு மாட்டுக்கூட்டம் சாலையைக் கடந்தது. அவர் நிறுத்தினார். கடைசி மாடு போய்ச் சேர்ந்தபிறகும் வண்டி நகரவில்லை.

"நீயாத்தானேம்மா பின்னாடி போய் உட்கார்ந்தே?" என்றார் மெதுவாக.

"முன்னாடி உங்க பையை உட்கார வெச்சிருந்தீங்களே! கதவைத் திறந்து பார்த்துட்டுத்தானே போனேன். எடுங்கன்னு எப்படிச் சொல்றது? வீட்ல உங்க சாமானை யாராவது நகர்த்தினாலே நீங்க விருந்தாளி மாதிரி எந்திரிச்சு நின்னுடறீங்க. கூப்பிட்டுப் பேசலாம்னா கண்ணாடியை வேற எங்கயோ திருப்பி வெச்சிருக்கீங்க. நேத்து எத்தனை தடவை செருமினேன் தெரியுமா? நீங்க ஜன்னலை மூடினீங்க!"

பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. கண்ணாடி வண்டியை எடுத்தார். காது மடல் சுட்டது. இருபத்தைந்து வருஷத் தொழிலில் யாரும் அவரை முன் சீட்டிலிருந்து திட்டியதில்லை. திட்டு வாங்கியது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், யாரோ நம்மோடு பேசிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு சுகம் இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாம் நாள்தான் பயணம் என்று சொல்லத் தக்கதாக இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் இடது முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் தவித்தார். பெண் ரேடியோவைத் திருகினாள்.

"அடுத்தவங்க வண்டிம்மா!"

"பல் டாக்டர் ஸ்டேஷனைக் கேட்டா எனக்குப் பல் வலிக்குது" என்றாள்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

மலைப்பாதையில் அவளுக்குத் தலை சுற்றியது. ஓரமாக நிறுத்தி, சாலையோரம் ஆரஞ்சு விற்றவளிடம் வாங்கி, தோலை உரித்து முகரக் கொடுத்தார். மலை இறங்கியதும் பதிலுக்கு அவள் நர்ஸாக மாறினாள். "கண்ணு செவந்திருக்கு. ஒரு அரை மணி படுங்க" என்று மரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். "டிரைவர் பகல்ல தூங்கறதா?" என்றார். "டிரைவர் இல்லைன்னு காலையிலயே முடிவாயிடுச்சு" என்றாள். அவர் சீட்டைச் சாய்த்துப் படுத்தார். விழித்தபோது முகத்தில் வெயில் படாமல் ஜன்னலில் அவருடைய துண்டு கட்டியிருந்தது. பையைத் திறந்து அவள்தான் எடுத்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் தொடாத பை அது. அவர் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் அவிழ்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லைச் சாவடியில் டிக்கியைத் திறந்து பார்த்த அதிகாரி பூந்தொட்டியைக் கண்டு, "இது என்ன?" என்றார். "குழந்தை. தூங்குது. மெதுவா மூடுங்க" என்றாள் பெண். அதிகாரி மெதுவாகவே மூடினார். சாவடி தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறியது. சாப்பிட நிறுத்திய இடத்தில், கண்ணாடியின் கால்கள் பழைய ஞாபகத்தில் டிரைவர் மேஜைப் பக்கம் திரும்பின. பின்னால் ஒரு செருமல் கேட்டது. இந்தமுறை ஜன்னல் எதையும் தேடாமல், பாதி வழியில் நின்று, வளைத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

அன்று மாலை இன்னொரு லாட்ஜ். மேஜைக்குப் பின்னால் மீசைக்காரர் ஒருவர். கண்ணாடி உதடுகளை இறுக்கிக்கொண்டு, பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, வகுப்பில் பேசக் கூடாது என்று சொல்லப்பட்ட பையன் மாதிரி நின்றார்.

"ரெண்டு ரூமா? சார் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் மீசைக்காரர். உறவைத்தான் கேட்டார்.

பெண் மூச்சை இழுத்தாள். "எங்க..." என்றாள். நின்றாள். நேற்று வந்தது இன்று வரவில்லை. மீசைக்காரர் பேனாவை மூடித் திறந்தார். கண்ணாடிக்கு வியர்த்தது. உதவிக்கு ஓடத் துடித்த நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மாவோட வீட்டுக்காரர்" என்றாள் கடைசியில்.

மீசைக்காரர் யோசித்தார். "அப்ப அப்பான்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"அது வேற ஆளு."

மீசைக்காரர் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யாமல் இரண்டு சாவிகளை எடுத்துப் போட்டார். படியேறும்போது கண்ணாடி சிரிக்க ஆரம்பித்தார். பெண்ணும் சிரித்தாள். சுற்றி வளைத்துத்தான் வந்தது, ஆனாலும் ஊரறிய அவள் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் உறவு அது. தன் அறைக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, அம்மாவோட வீட்டுக்காரர், அம்மாவோட வீட்டுக்காரர் என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் குறையில்லை.

ஆனால் தையல்காரி விடுகிறவளா? மூன்றாம் நாள் காலையிலேயே அவருக்குப் போன் செய்தாள்.

"கேட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? சாயங்காலம் வீடு வந்துடும்."

சாயங்காலம் வீடு வந்துவிடும் என்பதுதான் அவரையும் அரித்தது. வீடு வந்துவிட்டால் இந்தப் பெண் மறுபடி உள்ரூமுக்குப் போய்விடுவாள், இவர் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவார். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தார். கோத்ததெல்லாம் அடுத்த வேகத்தடையில் சிதறியது. மதியம் தாண்டி, ஊருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் தேவையில்லாமல் நிறுத்தினார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டிருக்காரு" என்று டீயைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். "பக்கத்து ஊரு. வீட்டோட தங்கி ஓட்டணும். வாரத்துக்கு ஒருநாள்தான் வர முடியும்."

"எதுக்கு அது? இந்த வேலைக்கு என்ன?"

"இல்லம்மா... நீ உள்ளூர் ஆஸ்பத்திரியிலயே சேர்ந்துக்கலாம்ல. அம்மாகூட நிம்மதியா இருக்கலாம். நான் வீட்ல இருக்கறதாலதானே நீ அவ்வளவு தூரம் போனே? எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் தப்பா நினைக்கல."

இவ்வளவு நீளமாக அவர் அவளிடம் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் களைத்துவிட்டார். பெண் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க இருக்கறதால?"

"ஆமா."

"நீங்க என்ன அவ்வளவு பெரிய ஆளா?" என்றாள். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குப் பயந்து மூணு மாநிலம் ஓடினேன்னா நினைச்சுட்டு இருக்கீங்க? இத்தனை வருஷமா?"

கண்ணாடி தம்ளரைக் கையில் உருட்டினார்.

"நீங்க ஒவ்வொரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்ததும், சாப்பிட்டுக்கிட்டே அம்மாகிட்ட கதை சொல்வீங்க. அந்த ஊர் ஆத்துக்கு மறுகரையே தெரியாது, இந்த ஊர்ல தெருவிளக்கு எல்லாம் மஞ்சளா இருக்கும், அங்க மனுசங்க பேசறதே பாட்டு மாதிரி இருக்கும்னு. எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருப்பீங்களா? நான் உள்ரூம்ல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"நீ தூங்கிட்டு இருப்பே. நாங்க படுக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போவியே."

"படுத்தேன். தூங்கினேன்னு யாரு சொன்னது?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எல்லா ஊரையும் நீங்க மட்டும் பார்த்துட்டு வந்தா போதுமா? நானும் பார்க்கணும்னுதான் போனேன். இருக்கறதுலயே ரொம்பத் தூரமான காலேஜா பார்த்துப் போட்டேன். இப்பவும் அங்கதான் போகப் போறேன். குழந்தைங்க வார்டு. எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இழுத்துட்டு இருக்கேன்."

கண்ணாடி ஆற்றைப் பார்த்தார். பெண் வீட்டோடு இருக்கப்போவதில்லை. அது வலித்தது, மனைவி எப்படித் தாங்குவாள் என்ற கவலையும் வந்தது. ஆனாலும் வருஷக்கணக்காகத் தூக்கிச் சுமந்த ஒரு பாரம், அது தன்னுடையதே இல்லை என்று ஒருத்தி பிடுங்கி எறிந்துவிட்ட பிறகு, கை என்னவோ காற்றில் மிதந்தது. தான் சொன்ன ஊர்க்கதைகளை ஒரு குழந்தை இருட்டில் விழித்துக் கிடந்து கேட்டிருக்கிறது என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். பெண் தலையாட்டினாள்.

"ஜவுளிக்கடைக்காரருக்கு என்ன சொல்வீங்க?"

"வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன்" என்றார்.

"அன்னிக்கு முதல் லாட்ஜ்ல..." என்று அவரே மறுபடி ஆரம்பித்துத் தயங்கினார். "என்ன சொல்ல வந்தே?"

"சொல்ல மாட்டேன். அதுதான் கெடுத்துட்டீங்களே. மறுபடி எப்ப வருதோ அப்பதான்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. அம்மா. பெண் போனை இருவருக்கும் கேட்கிறபடி பெஞ்சில் வைத்தாள்.

"எங்கடி இருக்கே?" என்றது தையல்காரியின் குரல்.

"நாங்க டீக்கடையில இருக்கோம்மா."

கண்ணாடி வாயருகே கொண்டுபோன தம்ளர் அப்படியே நின்றது. அதே சொல்தான். பல வருஷமாக அவரை வாசலில் நிறுத்திய சொல். இப்போது கேட்கிற இடத்தில் அம்மா இருந்தாள். இவர் உள்ளே இருந்தார்.

"அவர் ஏதாவது கேட்டாரா உங்கிட்ட?"

"அதெல்லாம் நாங்க பேசி முடிவு பண்ணியாச்சு."

"பேசினாரா? அவரா? என்ன முடிவு?"

பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்கு அங்க வேலை பிடிச்சிருக்கும்மா. அங்கதான் சேரப்போறேன். ஒரு மாசம் உங்கூட இருப்பேன். உன் கட்டைப் பிரிச்சு நீ நடந்தப்புறம்தான் நாங்க கிளம்புவோம்."

போனில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. காலில் கட்டோடும் அவள் சும்மா இருக்கவில்லை.

"அவ்வளவு தூரமா?" என்றாள். குரல் தழுதழுத்தது. "சரி. உனக்குப் பிடிச்சா சரிதான்." மூக்கை உறிஞ்சினாள். அப்புறம்தான் அவளுக்கு ஏதோ உறைத்தது. "இரு, நாங்கன்னா? யாரு யாரு?"

"நானும் இவரும். அந்தப் பக்கம் போற வண்டி ஒண்ணை இவர் பார்த்துடுவாரு. போற வழியில அந்த மறுகரை தெரியாத ஆத்தையும் காட்டறேன்னு சொல்லியிருக்காரு."

அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் ஆமாம் என்று போனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்லா இருக்குடி! அப்ப நான்?"

பெண் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். கண்ணாடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீயும் வரலாம்" என்றார். "பின்சீட்டு காலியாதான் இருக்கு. என்ன, என் பையை மட்டும் மடியில வெச்சுக்கணும்."